என் ஈறில் இருந்த கீறல் குறித்து

அடையாள அட்டையில் உள்ள என் பெயரும் தகப்பனார் பெயரும் இந்தத் தாளின் தலைப்பில் காவல் நிலைய எழுத்தரால் எழுதப்பட்டுள்ளன. வயது இருபத்தெட்டு. பழைய வண்டி பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலையில், உடைக்கும் கொட்டகையில் வேலை செய்கிறேன். நிரந்தரத் தொழிலாளி அல்ல. ஆலையின் பின்மதிலை ஒட்டிய தகரக் கூரை வரிசையில் கடைசி வீட்டில் மனைவியுடனும் நான்கு வயது மகளுடனும் குடியிருக்கிறேன். வேலையிடத்தில் என்னை இளிச்சவாயன் என்று கூப்பிடுவார்கள். பிறவியிலேயே என் மேலுதடு குட்டை. வாயை மூடினாலும் முன்பற்களும் அவற்றுக்கு மேலே உள்ள ஈறும் வெளியே தெரியும். இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார். வழக்குக்கு அது தேவை என்பதால் எழுதச் சொன்னேன்.

ஆலையின் பாதுகாப்பு அதிகாரி கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஆலைக்குப் பல் சுத்தம் செய்ய வந்த பெண் கூரான கருவியால் என் ஈறைக் கிழித்தார் என்றும், பிறகு அந்தக் காயத்தைக் காட்டி ஈய நோய் என்று வதந்தி கிளப்பி வேலையை நிறுத்தினார் என்றும் அதில் உள்ளது. காயம்பட்டவர் என்று குறிப்பிடப்பட்டிருப்பவன் நான். அந்தக் காயத்தை உண்டாக்கியது அவர் அல்ல, நான்தான். நடந்தது வருமாறு.

எனக்கு வேலை, பேட்டரியின் மேல்மூடியைக் கோடாலியால் பிளந்து, உள்ளே இருக்கும் தகடுகளை உருவி, தட்டி, கூடையில் போடுவது. தட்டும்போது சாம்பல் நிறத்தில் தூள் பறக்கும். எங்களுக்குக் கொடுத்த முகமூடி ஒரு துணி. என் உதட்டின் காரணமாக நான் வாயால்தான் அதிகம் மூச்சு விடுவேன். துணியின் உள்பக்கமும் சாயங்காலத்துக்குள் சாம்பலாகிவிடும். ஆலையில் குளிக்கும் இடம் உண்டு, குழாய் உண்டு. தண்ணீர் மட்டும் அதிகாரிகளின் கார் கழுவும் பக்கம் போகும். அதனால் போட்டிருக்கும் உடுப்போடுதான் எல்லோரும் வீட்டுக்குப் போவோம். நான் வாசலில் நுழைந்ததும் மகள் ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டு முகத்தைக் கால்சட்டையில் தேய்ப்பாள்.

போன மழைக்காலம் முதல் எனக்கு வயிறு முறுக்கிப் பிடிக்கும், மலம் இறங்காது, நாக்கில் காசைச் சப்பியது போல ஒரு ருசி இருந்துகொண்டே இருக்கும். தெருமுனை டாக்டரிடம் இரண்டு முறை போனேன். முதல் முறை வாயுவுக்கு மாத்திரை கொடுத்தார். இரண்டாம் முறை, “குடியை விடு” என்றார். நான் குடிப்பதில்லை என்றேன். “எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க” என்றார். என்ன வேலை செய்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன் பிறகு என் முன்பற்களுக்கு மேலே ஈறின் ஓரமாக ஒரு கறுத்த கோடு தெரிய ஆரம்பித்தது. முதலில் பார்த்தது என் மனைவி. “ஏங்க, எல்லாரும் கண்ணுக்குத்தான் மை போடுவாங்க, நீங்க என்ன ஈறுக்குப் போட்டிருக்கீங்க?” என்று சிரித்தாள். கொட்டகையில் அது பரவிவிட்டது. என்னைப் பார்த்தால் இரண்டு விரலால் தங்கள் உதட்டைத் தூக்கிக் காட்டுவார்கள். மற்றவர்களுக்கும் அந்தக் கோடு இருந்திருக்கிறது. அவர்கள் உதடு மூடிக்கொண்டதால் தெரியவில்லை, என்னுடையது வெளியே நின்றது, அவ்வளவுதான். நான் அதை அழுக்கு என்று நினைத்தேன். உப்பு வைத்துத் தேய்த்தேன், கரித்தூள் வைத்துத் தேய்த்தேன், ரத்தம் வந்ததே தவிர கோடு போகவில்லை.

அந்த நிலையில், ஆய்வு அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்றும் அதற்கு முன்பு கேன்டீனில் எல்லோருக்கும் இலவசமாகப் பல் சுத்தம் செய்யப்படும் என்றும் மேஸ்திரி அறிவித்தார். “வர்றவங்க வாயைத் திறக்கச் சொல்லுவாங்க. எல்லாவன் வாயும் பளபளன்னு இருக்கணும். முக்கியமா நீ, உன் கடை எப்பவும் திறந்தே கிடக்கு” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, சவரப் பிளேடை இரண்டாக உடைத்து, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்து அந்தக் கோட்டைச் சுரண்டினேன். பிளேடு வழுக்கி மேலே ஏறிக் கீறிவிட்டது. ரத்தம் சட்டையில் விழுந்தது. மனைவி உப்புத் தண்ணீர் கொண்டுவந்து கொப்பளிக்கச் சொல்லி, பிளேடைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். புகாரில் சொல்லப்பட்டிருக்கும் காயம் இதுதான். பல் சுத்தம் செய்யும் பெண்ணை அதுவரை நான் பார்த்ததுகூட இல்லை.

அதற்குச் சில நாள் கழித்துக் கேன்டீனில் முகாம் நடந்தது. சாப்பாட்டு மேசைகளை ஓரமாகத் தள்ளி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்வு நாற்காலி ஒன்று போட்டிருந்தார்கள். அந்த அம்மா தனியாகத்தான் வந்திருந்தார். நடுவயது. தலையில் விளக்கு கட்டியிருந்தார். எங்கள் ஆட்கள் உடனே பல்லக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். இனி இந்த வாக்குமூலத்தில் நானும் அப்படியே சொல்கிறேன். எனக்கு முன்னால் நின்ற உலைக்கார அண்ணன், “மாடு வாங்க வர்றவன்தான்டா பல்லைப் பிடிச்சுப் பார்ப்பான். கம்பெனி நம்மளை வித்துடுச்சு போல” என்றார். பல்லக்கா நிமிர்ந்து, “உங்களை வாங்கினா தீனி போட்டுக் கட்டுப்படியாகாது அண்ணே, வாங்க உட்காருங்க” என்றார்.

பல்லக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கருவியை வாயில் வைப்பதற்கு முன்பு, வாய்க்குள் என்ன இருக்கிறது என்பதை ஒன்றுவிடாமல் வாய்விட்டுச் சொல்வார். எங்கே, எவ்வளவு பெரிசு, என்ன நிறம், என்ன வடிவம், தொட்டால் எப்படி என்று அந்த வரிசையில் சொல்வார். எழுதிக்கொள்ள ஆள் இல்லாவிட்டாலும் சொன்னார். யாரிடம் சொல்கிறீர்கள் என்று உலைக்கார அண்ணன் கேட்டதற்கு, “எனக்கே தான். வாயால சொல்லலைன்னா என் கண்ணு சோம்பேறித்தனம் பண்ணும்” என்றார். அண்ணனின் ஈறைப் பார்த்து, பரவலான பழுப்பு நிறம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பிறவி நிறம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, சுத்தம் செய்து அனுப்பினார். அதற்குப் பின் நான் உட்கார்ந்தேன்.

என் கையில் ஒரு சிறிய கண்ணாடியைக் கொடுத்து நானும் பார்க்கும்படி செய்தார். அவர் சொன்னதை முடிந்தவரை அவர் சொன்னபடியே சொல்கிறேன். “ஈறுன்னா ஒரே சதைன்னு நினைக்காதீங்க. பல்லைச் சுத்தி ஓரத்துல நிக்குது பாருங்க, அது சட்டைக் காலர் மாதிரி, ஒட்டாம லேசா விலகும். அதுக்கு மேல இருக்கிறது எலும்போட இறுக்கி ஒட்டினது, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா இருக்கணும். அதையும் தாண்டிச் சிவப்பா வழவழன்னு போறது உதட்டோட சேர்ந்தது.” இருபத்தெட்டு வருஷமாக ஊருக்கே தெரிந்த என் ஈறை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதன் பிறகு அவர் கோட்டைப் பற்றிச் சொன்னார். மேல் முன்பற்கள் நான்கிலும், காலரின் விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, விளிம்பு வளைகிற இடமெல்லாம் தானும் வளைந்து போகிறது, நீலம் கலந்த கறுப்பு, பொடிப் புள்ளிகள் சேர்ந்து கோடாகியிருக்கிறது, மேடும் இல்லை பள்ளமும் இல்லை, துடைத்தால் போகவில்லை, அழுத்தினால் வெளுக்கவில்லை என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை நகத்தின் அகலத்துக்குக் கத்தரித்து, காலருக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாகச் செருகினார். பல்லில் ஒட்டிய காறையாக இருந்தால் தாள் அதை மறைத்துவிடும் என்றார். மறைக்கவில்லை. வெள்ளைக்கு முன்னால் கோடு முன்பைவிட நன்றாகத் தெரிந்தது. “அழுக்கு பல்லு மேல ஒட்டும். இது சதைக்குள்ள இருக்கு” என்றார்.

அதற்குப் பின் காயத்துக்கு வந்தார். “வலப்பக்க முன்பல்லுக்கு மேல, ஒட்டின ஈறுல, சாய்வா ஒரு கீறல். ஒரு அரிசி நீளம். ஓரம் நேரா கூர்மையா இருக்கு. நடுவுல மஞ்சளாப் படலம் கட்டியிருக்கு, சுத்திலும் சிவப்பு. இன்னிக்குப் பட்டது இல்லை” என்று சொல்லிவிட்டு, “எதால கீறினீங்க?” என்று கேட்டார். யாரும் கீறவில்லை என்றேன். அவர் விளக்கை அந்தக் கீறல் மேலேயே வைத்திருந்தார். பிளேடு என்றேன். எதற்கு என்றார். அழுக்கு என்று நினைத்ததாகச் சொன்னேன். அவர் கையில் எடுத்திருந்த கொக்கிக் கருவியைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார். “புண்ணு ஆறட்டும், இந்த ஈறுல நான் கருவி வைக்கமாட்டேன். இனிமே நீங்களும் வைக்காதீங்க. எவ்வளவு தேய்ச்சாலும் இது போகாது. உங்க மேல தப்பு இல்லைங்க” என்றார். வரிசையில் நின்ற எல்லோர் காதிலும் அது விழுந்தது. அன்று நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் அவர் கருவி படாமல் எழுந்த முதல் ஆள் நான். புகாரில் என் பெயர் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இது என்ன நோய் என்று கேட்டேன். “பேர் வைக்கிறது டாக்டர் வேலை. நான் பார்த்ததைத்தான் சொல்லலாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. போனதும் வயித்து வலின்னு ஆரம்பிக்காதீங்க. என்ன வேலை செய்றீங்கன்னு முதல்ல சொல்லுங்க” என்றார். ஈயம் என்ற வார்த்தையைப் பல்லக்கா சொல்லவில்லை. சொன்னது உலைக்கார அண்ணன். “நாள் பூரா நாம கையில பிடிக்கிறது ஈயம்தானே, வெல்லமா?” என்று அவர்தான் பின்னாலிருந்து கேட்டார்.

அதைக் கேட்டதும் பல்லக்கா இன்னொரு வெள்ளைத் தாளைக் கத்தரித்தார். பிறகு, “அண்ணே, உங்களை நான் சரியாப் பார்க்கலை. பழுப்பைப் பார்த்ததும் பழக்கத்துல பிறவி நிறம்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது, மறுபடி உட்காருங்க” என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். தாளைச் செருகிப் பார்த்தபோது, பழுப்புக்கு அடியில் அவருக்கும் மெல்லிய நீலக் கோடு இருந்தது. ஒருவர் தப்பாகச் சொல்லிவிட்டு, தப்பு என்று அன்றைக்கே எங்களைப் போன்றவர்களிடம் ஒப்புக்கொண்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதன் பிறகு கைக்கண்ணாடி வரிசையில் கைமாறிக்கொண்டே போனது. உதட்டைத் தூக்கிப் பார்த்தவர்கள் பார்த்தபடி நின்றார்கள். வேலை நின்றது இப்படித்தான். போகாதீர்கள் என்று பல்லக்கா யாரையும் தடுக்கவில்லை. வேலைக்குத் திரும்ப மணி அடித்தது. யாரும் நகரவில்லை.

யாரும் வேலைக்குத் திரும்பாததைப் பார்த்து மேனேஜர் வந்தார். “ஏம்மா, உன்னை எதுக்குக் கூப்பிட்டோம்? பல்லைத் தேய்ச்சு விட்டுப் போயிட்டே இரு. வாய்க்குள்ள ஜோசியம் பார்க்காதே” என்றார். பல்லக்கா, “பார்க்காம தேய்க்கிறதுன்னா அது தரை சார், வாய் இல்லை” என்றார். இவர்களில் பலரை முதலில் டாக்டர் பார்க்க வேண்டும், அதுவரை சுத்தம் செய்வதை நிறுத்துகிறேன் என்றும் சொன்னார். எத்தனை பேர் பாக்கி என்று மேனேஜர் கத்தினார். பல்லக்கா கருவிகளைத் துடைத்துப் பையில் வைத்தார். விளக்கைத் தலையிலிருந்து கழற்ற மறந்து, எரிந்துகொண்டிருந்த விளக்கோடு வாசல்வரை போனார். காவலாளிகள் பையைப் பிடுங்கிச் சோதித்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன்.

அடுத்து நானும் உலைக்கார அண்ணனும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நிமிர்வதற்குள், “பேட்டரி உடைக்கிறேன் சார்” என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என் வாயைத் திறக்கச் சொன்னார். வாயை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, ரத்தம்தான் சொல்லும் என்று ரத்தம் எடுத்தார். ரத்தத்தில் ஈயம் மிக அதிகம் என்று தெரிந்து என்னைப் படுக்கையில் சேர்த்தார்கள். உலைக்கார அண்ணனுக்கும் அதிகமாக இருந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார். மனைவிக்கும் மகளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். மகளுக்கும் இருந்தது. அவள் ஆலைப் பக்கமே போனதில்லை. என் கால்சட்டையிலிருந்து அவளுக்குப் போயிருக்கிறது.

கோடு இல்லாதவர்களுக்கு ஒன்றுமில்லையா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படி இல்லை, வாய் சுத்தமாக இருந்தால் கோடு விழாமலே போகலாம், ரத்தத்தில் ஈயம் இருக்கத்தான் செய்யும் என்றார். ஆய்வுக்கு முன்னால் எங்கள் வாயை எதற்குப் பளபளப்பாக்கப் பார்த்தார்கள் என்று அப்போது யோசித்தேன். அதற்காகத்தான் செய்தார்கள் என்பதற்கு நான் சாட்சி இல்லை. மேஸ்திரி சொன்னதையும் டாக்டர் சொன்னதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நிர்வாகத்தின் ஆள் ஒருவர் பழக்கூடையுடன் வீட்டுக்கு வந்தார். காயம் அந்தம்மா செய்தது என்று சொன்னால் வேலையை நிரந்தரமாக்குவதாகவும், ஆலை மதிலுக்கு வெளியே நல்ல வீடு ஒன்று ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி, “இவரு பிளேடால கீறிக்கிட்டு ரத்தமா நின்னப்ப உப்புத் தண்ணி கொடுத்தவ நான். அப்ப எங்க போயிருந்தீங்க? கூடையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. போறப்ப வாசல்ல செருப்பைத் தட்டிட்டுப் போங்க, எங்க தூசு உங்க வீட்டுப் பிள்ளைக்கு வேணாம்” என்றாள். அவர் உண்மையிலேயே செருப்பைத் தட்டிவிட்டுத்தான் போனார். மறுநாள் ஆலை வாசலில் என்னை உள்ளே விடவில்லை. இன்றுவரை விடவில்லை.

பல்லக்காவை வேலைக்கு வைத்திருந்த பல் மருத்துவமனை, வழக்கு முடியும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இந்த வழக்கில் குற்றம் உறுதியானால் அவர் இனி யார் வாயையும் தொட முடியாது. நான் அவரைத் தேடிப் போய்ப் பார்க்கவில்லை. சாட்சி சொல்லும்படி அவர் என்னைக் கேட்கவும் இல்லை. காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது, கூப்பிடாவிட்டால் நானே வந்திருப்பேன் என்று அந்தக் காவலரிடம் சொன்னேன்.

ஆலையில் சம்பளம் வாங்கிவிட்டு அதற்கு எதிராகச் சொல்கிறாயே என்று விசாரணை அதிகாரி கேட்டார். ஆலைக்கு எதிராக இதில் நான் எதுவும் சொல்லவில்லை, என் ஈறைப் பற்றித்தான் சொல்கிறேன், ஆலையைப் பற்றிச் சொல்வதானால் அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், உலைக்கார அண்ணனும் மற்றவர்களும் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றேன். என் ஈறைக் கீறியதற்கு ஆள் பிடித்தே ஆகவேண்டும் என்றால் என் மேலேயே வழக்கு எழுதிக்கொள்ளட்டும் என்றும் சொன்னேன். கீறல் இப்போது ஆறிவிட்டது, வெள்ளைத் தழும்பு இருக்கிறது. அதிகாரி அதை விளக்கடித்துப் பார்த்தார்.

மகளைப் பற்றி அதிகாரி கேட்டதற்கு: இப்போது அவள் முன்பு போல வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுப்பதில்லை. வீட்டை ஈரத் துணியால்தான் துடைக்கிறோம். வயதுக்குப் பேச்சு குறைவாக இருக்கிறது, அது எவ்வளவு தேறும் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மட்டும் சொன்னார். அதை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கப்பட்டது. என் மகள் சார்பாகவும் என் சார்பாகவும் பல்லக்காவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றேன். எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு, “தம்பி, நன்றியெல்லாம் வாக்குமூலத்துல வராது. நடந்ததைத்தான் எழுதணும்” என்றார். “சார், இதுவும் நடந்ததுதான்” என்றேன். அதிகாரி எழுத்தரைப் பார்த்து, “எழுதிக்கய்யா” என்றார். அதனால் எழுதப்பட்டது.

மேலே கண்டது முழுவதும் எனக்கு உரக்க வாசித்துக் காட்டப்பட்டது. நான் பார்த்ததும் கேட்டதும் செய்ததும் தவிர வேறு எதையும் சேர்க்கவில்லை. யாருடைய மிரட்டலுக்கோ ஆசை வார்த்தைக்கோ உட்படாமல், சுயநினைவோடு உண்மையைச் சொல்லி, இதன் கீழ் கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)
உடைக்கும் கொட்டகைத் தொழிலாளி

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, சொன்னவாறே பதியப்பட்டது. வலப்பக்க மேல் முன்பல்லுக்கு மேலே, ஒட்டிய ஈறில், சாய்வாக, அரிசி நீளத்தில் ஆறிய தழும்பு ஒன்றை நான் நேரில் கண்டேன். காயம்பட்டவரின் இந்த வாக்குமூலத்தின்படி, காயப்படுத்தியதாகக் கூறப்படும் குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் இல்லை எனக் குறிக்கிறேன்.

(கையொப்பம்)
விசாரணை அதிகாரி